மானியமும் பயிர்செய்வோரும்: கண்டிப் பிரதேச வேளாண்மை உதவிகள் பற்றிய ஒரு நோக்கு

1. சொல்லும் அதன் பொருளும்

வேளாண்மைக்கு அரசு வழங்கும் பண உதவியை இன்று நாம் மானியம் என்கிறோம். உரமானியம், மீள்நடுகை மானியம், விதைமானியம் ஆகிய தொடர்கள் கமநல சேவை நிலையங்களின் அறிவித்தல்களிலும் நாளேடுகளிலும் நாள்தோறும் வழங்குவன. பொருளியலாளர் அண்மையில் ஆக்கிக்கொண்ட கலைச்சொற் போல இது தோன்றினும், இச்சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு முழுவதும் நிலத்தோடு பிணைந்தது.

மானியம் என்பது முற்காலத்திற் பணமன்று. இறை நீக்கிய நிலம். கோயிலுக்கும் பிராமணருக்கும் அரச பணியாளருக்கும் ஊர்த்தொழில் செய்தோருக்கும் வரி இன்றி விடப்பட்ட நிலமே மானியம் எனப்பட்டது. தேவதானம், பிரமதேயம், பள்ளிச்சந்தம், இறையிலி எனக் கல்வெட்டுக்கள் கூறுவனவும் இவ்வகையின. அரசன் தன் கருவூலத்திலிருந்து எதனையும் எடுத்துக் கொடுத்தானல்லன். உழுதவன் விளைவிலிருந்து தான் பெறவேண்டிய பங்கை வேறொருவர் பெறுமாறு விட்டுக்கொடுத்தான். கொடையாளி அரசன், கொடை பெற்றவர் கோயிலாரோ பிராமணரோ, கொடைப்பொருளை விளைவித்தவர் உழுகுடி. இம்மூவரையும் பிரித்தறிதல் நம் ஆய்வுக்கு அடிப்படையாகும்.

இவ்விடத்திற் கல்வெட்டுக்கள் தரும் இரு தொடர்கள் மனங்கொள்ளத்தக்கன. சில நிலக்கொடைகள் ‘குடிநீக்கி’ வழங்கப்பட்டன. அதாவது, ஏலவே அந்நிலத்தைப் பயிரிட்டோர் அகற்றப்பட்டு நிலம் கைமாறியது. வேறு சில ‘குடிநீங்கா’க் கொடைகள், பயிரிட்டோர் தம் உரிமையோடு அங்கேயே இருக்க, மேலுரிமை மட்டும் மாறியது. சோழர்காலத்து ஆவணம் எழுதியோருக்கு இவ்வேறுபாடு எழுதிவைக்கவேண்டிய அளவுக்கு முக்கியமாயிருந்தது. இன்றைய மானியங்களைப் பற்றிப் பேசும்போது நாம் இதே வினாவை எழுப்புதல் தகும். அரசு கொடுக்கும் உதவி குடிநீங்கா உதவியா, குடிநீக்கும் உதவியா? நிலத்தில் உழைப்போனை அது நிலைநிறுத்துகின்றதா, அன்றி நிலத்துக்குப் பெயர்கொண்டவனை வலுப்படுத்தி உழைப்போனை மேலும் ஒதுக்குகின்றதா?

கண்டியையும் அதன் சூழலையும் களமாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடைகாண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நெல்வயலும் சிறு தேயிலை நிலமும் பெருந்தோட்டமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் பிரதேசம் இது. ஆதலால் மூவகைப் பயிர்செய்வோரையும் ஒரே பார்வையில் வைத்து நோக்க இது வாய்ப்பானது.

2. கண்டி இராச்சியமும் குடியேற்ற ஆட்சியும்

கண்டி மன்னர் காலத்து நிலவுடைமையும் சேவையை அடிப்படையாகக் கொண்டதே. பிரபுக்களுக்கு விடப்பட்ட நிந்தகம, விகாரைகளுக்குரிய விகாரகம, தேவாலயங்களுக்குரிய தேவாலகம ஆகியவற்றில், ஒரு பங்கு நிலத்தைப் பயிரிட்டவன் அதற்கு ஈடாகக் குறித்த சேவையைச் செய்யக் கடமைப்பட்டிருந்தான். 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது என நூல்கள் கூறுமாயினும், விகாரை, தேவாலயக் காணிகளில் அது தொடர்ந்தது. 1870ஆம் ஆண்டின் சேவை ஆட்சி உரிமைக் கட்டளைச்சட்டம் அச்சேவைகளைப் பதிவு செய்து, விரும்புவோர் அவற்றைப் பணமாக மாற்றிக்கொள்ள வழிவகுத்தது. எனினும், கண்டிப் பெரஹராவுடன் தொடர்புடைய மரபுச் சேவைகள் பலவற்றின் வேர் இன்றும் அக்காணிகளிலேயே உள்ளது.

பிரித்தானியர் வருகையுடன் கொடையின் திசை மாறிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச்சட்டம், காடாகவும் பாழாகவும் பயிரிடப்படாதும் கிடந்த நிலத்தை, மறுதலையாக நிறுவப்படும் வரை, முடிக்குரியதென அனுமானித்தது. சேனைப் பயிர் செய்த கிராமத்தவரிடம் உறுதிப்பத்திரம் ஏது? அந்நிலம் 1844 வரை ஏக்கருக்கு ஐந்து சிலிங் என்ற மிகக் குறைந்த தொடக்க விலையில் கோப்பித் துரைமாருக்கும், ஏன் ஆட்சி உத்தியோகத்தருக்குமே விற்கப்பட்டது. மலிந்த நிலமே முதல் மானியம்.

இரண்டாவது மானியம் வீதியும் புகையிரதமுமாகும். 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச்சட்டம், வளர்ந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும் அல்லது மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என்றது. அவ்வாண்டின் மாத்தளைக் கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். அவ்வீதிகளின் பெரும்பயன் கோப்பித் தோட்டங்களைச் சேர்ந்தது. 1854இல் கண்டியில் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கம் புகையிரதப் பாதைக்காக ஓயாது குரல் கொடுத்தது. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டிலேதான் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பேராதனைத் தாவரவியற் பூங்கா தன் ஆராய்ச்சியையும் நாற்றையும் தோட்டங்களுக்குத் தாராளமாக வழங்கியது.

இதே அரசு நெல் விளைவித்தோனை எவ்வாறு நடத்தியது? அவனிடம் நெல்வரி அறவிட்டது. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அவ்வரி கட்டாயமாகப் பணமாகச் செலுத்தவேண்டியதாயிற்று. 1880களில் வலப்பனை, உடஹேவாஹெட்டைப் பகுதிகளில் வரி கட்டத் தவறியோரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன; குடும்பங்கள் நிலமிழந்தன. பெருங் கண்டனத்தின் பின்னரே, 1892இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. ஏற்றுமதிப் பயிருக்கு உதவி, உணவுப் பயிருக்கு வரி என்ற இந்நிலையை, கிராமத்தவனின் சோம்பல் பற்றிய குடியேற்றக்கால எழுத்துக்கள் மறைத்துவிட்டன. மானியம் என்ற சொல் அக்கால அறிக்கைகளில் இடம்பெறாதிருக்கலாம். பொருள் இடம்பெற்றிருந்தது.

3. நெற்காணியும் பெயர்ப்பதிவும்

சுதந்திரத்தின் பின் அரசின் கொள்கை மாற்றமடைந்தது. உத்தரவாத விலை, உரமானியம், நீர்ப்பாசன விரிவு ஆகியவற்றால் நெற்செய்கை ஆதரிக்கப்பட்டது. 1951இல் வெளியான கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு அறிக்கை, தோட்டங்களால் நெருக்குண்ட மலைநாட்டுக் கிராமங்களின் வறுமையை விரிவாக எடுத்துரைத்தது. 1962இல் தொடங்கிய உரமானியம், 1990இல் நிறுத்தப்பட்டு, 1994இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2005இல் நெற்செய்கைக்கு 50 கிலோ உரமூட்டை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2016இல் உரத்துக்குப் பதிலாகப் பணம் வழங்கப்பட்டது. பின்னர் மீண்டும் உரமே வழங்கப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே அத்தடை தளர்த்தப்பட்டது. 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாக இருந்த உதவி 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆட்சி மாறுந்தோறும் மானியத்தின் வடிவம் மாறிவந்துள்ளமை தெளிவு. மாறாதது எது?

மாறாதது நிலமே மானியத்தின் அளவுகோல் என்பதாகும். ஹெக்டேயருக்கு இவ்வளவு என வகுக்கப்படும் உதவி, ஒருவனின் உழைப்பையோ தேவையையோ அளப்பதில்லை. அவன் பெயரிலுள்ள பரப்பை அளக்கிறது. இரண்டு ஹெக்டேயர் என்ற உச்சவரம்பு பெரு நிலவுடைமையாளரைக் கட்டுப்படுத்துவது உண்மையே. ஆயினும், கண்டிப் பிரதேசத்தின் நிலை வேறு. உடுநுவரையிலும் யட்டிநுவரையிலும் தும்பறையிலும் மலையடிவாரப் படிவயல்கள் தலைமுறைதோறும் துண்டாடப்பட்டுக் கால் ஏக்கர், அரை ஏக்கர் எனச் சுருங்கியுள்ளன. கால் ஏக்கர் என்பது ஏறத்தாழ ஒரு ஹெக்டேயரின் பத்திலொன்று. 25,000 ரூபா என்ற வீதத்தில் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 2,500 ரூபா. இரண்டு ஹெக்டேயர் உடையோனுக்குக் கிடைப்பது 50,000 ரூபா. வறுமை குறைந்தவனுக்கு மிகுதியும், மிகுந்தவனுக்குக் குறைவும் போய்ச்சேர்வது எவரது தீய எண்ணத்தாலுமன்று; அளவுகோலின் இயல்பால் விளைவது.

பெயர்ப்பதிவு இதனினும் நுட்பமான பிரச்சினை. கண்டிப் பகுதியில் வயல்கள் பல ‘அந்தே’ எனப்படும் வாரக் குத்தகையிற் பயிரிடப்பட்டவை. விளைவிற் பாதி உடைமையாளனுக்குரியது என்பது வழக்கு. உடன்பிறந்தோர் ஆண்டுக்கொருவராக வயலை மாறிச் செய்யும் ‘தட்டுமாறு’ முறையும் உண்டு. இந்நிலையில் வயலின் பெயரில் வரும் மானியத்தைப் பெறுவது யார்? கமநல சேவை நிலையத்தின் இடாப்பில் எவர் பெயர் உள்ளதோ அவரே.

பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் இவ்வுறவை மாற்ற முயன்றது. குத்தகையாளனுக்கு நிலைபேறான உரிமை, விளைவில் ஏறத்தாழ நாலிலொரு பங்குக்கு மேற்படாத வாரம், செய்கைக் குழுக்கள் ஆகியன அதன் உயிர்நாடி. ஆயின் நடந்தது யாது? சட்டம் தம்மைக் கட்டுப்படுத்துமுன் உடைமையாளர் பலர் குத்தகையாளரை வெளியேற்றினர். வேறு சிலர் குத்தகையை வாய்மொழி ஒப்பந்தமாக்கி, உழைப்போனைக் ‘கூலியாள்’ எனக் காட்டினர். அண்ணன், மாமன் என்ற உறவுப் போர்வையிலும் குத்தகை மறைந்தது. உரிமை வழங்கிய சட்டமே பெயரை மறைக்கத் தூண்டுவதாயிற்று என்பது சட்டத்தின் குற்றமன்று; உற்பத்தி உறவுகளை மாற்றாது பதிவேட்டை மாத்திரம் மாற்றப் புகுந்ததன் விளைவு. பதியப்படாத குத்தகையாளன் சேற்றில் இறங்குகிறான். உரத்தைக் கடனுக்கு வாங்குகிறான். மானியம் உடைமையாளனின் வங்கிக் கணக்குக்குச் செல்கிறது.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய நிகழ்ச்சியன்று. 1933இல் அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசு, பருத்தி விலையை உயர்த்தும் பொருட்டு, பயிரிடும் பரப்பைக் குறைத்தோருக்குப் பணம் வழங்கியது. பணம் நிலவுடைமையாளர் வழியே சென்றது. பரப்பு குறைந்ததும் வாரத்துக்குப் பயிரிட்டோர் மிகையாகினர். வெள்ளையரும் கறுப்பருமாகிய குத்தகையாளர் பெருந்தொகையாக வெளியேற்றப்பட்டனர். 1934இல் ஆர்கன்சோ மாநிலத்தில் அவர்கள் நிற வேறுபாடின்றி ஒரு சங்கமாகத் திரண்டமை இதன் எதிர்வினையாகும். கல்வெட்டு மொழியிற் கூறின், அது குடிநீக்கிய மானியம். ஆர்கன்சோவிலும் உடுநுவரையிலும் பயிர் வேறு, மக்கள் வேறு; தர்க்கம் ஒன்றே.

4. சிறு தேயிலை நிலமும் மீள்நடுகையும்

இரண்டாம் வகையினர் தேயிலைச் சிற்றுடைமையாளர். இன்று இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு சிறு நிலங்களிலிருந்தே வருகின்றது. இவற்றுட் பெரும்பகுதி தென்னிலங்கைத் தாழ்நாட்டினதாயினும், கண்டி மாவட்டத்து மத்திய மலைநாட்டுச் சிற்றுடைமையாளரும் கணிசமானோர். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான தேயிலைச் சிறுபற்றுநில அபிவிருத்தி அதிகாரசபை இவர்களது மானியங்களை நிருவகிக்கின்றது.

தேயிலை மீள்நடுகை எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிந்தாலன்றி இம்மானியத்தின் தன்மையை உணரவியலாது. முதிர்ந்த விதைத் தேயிலைச் செடிகள் வேரோடு அகற்றப்படும். பின் மண்ணைத் தேற்றுவதற்காக மானா அல்லது குவாத்தமாலாப் புல் நட்டு, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை நிலத்தை விட்டுவைக்கவேண்டும். அதன் பின்னரே ‘வீ.பீ.’ எனத் தோட்டங்களில் வழங்கும் வெட்டுத்துண்டுக் கன்றுகள் நடப்படும். கன்று கொழுந்து தர மேலும் மூன்று ஆண்டுகளேனும் செல்லும். ஆக, ஐந்தாண்டுக் காலம் அந்நிலத்திலிருந்து வருமானம் இல்லை. செலவு மட்டுமே உண்டு.

மானியமோ கட்டங்கட்டமாக வழங்கப்படுவது. ஒவ்வொரு கட்ட வேலையும் முடிந்து, பரிசோதகர் வந்து நோக்கிய பின்னரே அதற்குரிய தவணை கிடைக்கும். பொதுப்பணம் வீணாகாதிருக்க இம்முறை இன்றியமையாதது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இதன் வர்க்க விளைவு வெளிப்படை. முதலிற் செலவு, பின்னர் உதவி என்ற ஒழுங்கு, செலவு செய்ய முன்பணம் உள்ளவனுக்கே பயன்படும். ஆசிரியத் தொழிலோ கடையோ வைத்துக்கொண்டு இரண்டேக்கர் தேயிலையும் உடையவன் ஐந்தாண்டு பொறுத்திருப்பான். அரை ஏக்கர்க் கொழுந்தை மாதந்தோறும் விற்று அரிசி வாங்குபவன் பொறுத்திருக்கமாட்டான். அவன் அறுபது ஆண்டுப் பழஞ்செடியையே கிள்ளிக்கொண்டிருப்பான். அவன் விளைவு குறையும். ஈற்றில் அவன் நிலத்தை முன்னவன் வாங்குவான். இங்கே எவரும் எவரையும் வெளியேற்றவில்லை. மெல்ல மெல்ல நிலம் கைமாறுகின்றது.

2021ஆம் ஆண்டு உரத்தடை இவ்வேறுபாட்டைத் துலக்கிக் காட்டியது. அவ்வாண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. கையிருப்பு உரமும் பணமும் உடையோர் தாங்கினர். மற்றையோர் செடியைக் கைவிட்டனர். மானியத்தை நாடியிருக்கப் பழக்கப்பட்ட சிற்றுற்பத்தியாளன், அதன் திடீர் நீக்கத்தால் எத்துணை நிலைகுலைவான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

5. பெயரற்ற பயிர்செய்வோர்

மூன்றாம் வகையினரே இக்கட்டுரையின் மையம். தெல்தோட்டை, கலஹா, ஹந்தானை, பன்விலை, மடுல்கலை, ரங்களை எனக் கண்டியைச் சூழ்ந்த மலைகளிலெல்லாம் தேயிலையை நட்டு, கவாத்து வெட்டி, உரமிட்டு, கொழுந்து கிள்ளும் மக்கள், அரசின் எந்த இடாப்பிலும் பயிர்செய்வோர் அல்லர். அவர்கள் பெயர் பதியப்படுவது தோட்டத்துச் செக்றோலில். கமநல நிலையத்தின் பார்வையில் அவர்கள் தொழிலாளர், நிலம் தோட்டத்தினுடையது.

இந்நிலை இயல்பாக அமைந்ததன்று, அரசியலால் ஆக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களுட் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேருள் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. குடியுரிமை இல்லாதவனுக்கு அரச காணி இல்லை. காணி இல்லாதவனுக்கு மானியம் இல்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமைச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்தது. ஆயின், சங்கிலியின் முதற் கண்ணி அறுந்ததேயன்றி இரண்டாவது கண்ணி அறவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் கம்பெனிகளிடமிருந்து நிலத்தை மீட்டமை முற்போக்கானது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், உழுதவனுக்கே நிலம் என்ற முழக்கம் தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. கண்டிப் பகுதித் தோட்டங்கள் பலவற்றில் நிலம் அயற்கிராமத்தவர்க்குப் பகிரப்பட்டபோது, அந்நிலத்தில் தலைமுறைகளாக உழைத்தோர் வேலையும் லயமும் இழந்து அலைந்தனர். 1973–74 உணவுப் பஞ்சத்திலே தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தமைக்கு, கூப்பன் அரிசி குறைந்தபோது கைகொடுக்க ஒரு பாத்தி நிலமும் இல்லாமை முக்கிய காரணமாகும். 1977இல் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி சுவீகரிப்பை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். இவ்வாறு இரு வறிய வகுப்பினர், ஒரே நிலத்தின் மீது எதிரெதிராக நிறுத்தப்பட்டனர். கிராமத்துச் சிங்கள விவசாயி 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலமிழந்தவன். தோட்டத் தமிழ்த் தொழிலாளி அந்நிலத்துக்கு உரமாகக் கொண்டுவரப்பட்டவன். அவ்விருவரது இழப்பாலும் இலாபமடைந்தவர் கப்பலேறிப் போயினர்.

அரசின் மானியச் செலவு எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. சுதந்திரத்தின் பின் பல்லாண்டுகள் தேயிலை ஏற்றுமதித் தீர்வை அரச வருமானத்தின் பெரும் ஊற்றாக விளங்கிற்று. அரிசிப் பங்கீடும் நீர்ப்பாசனமும் இலவசக் கல்வியும் அவ்வருமானத்தால் ஊட்டம் பெற்றன. கூடை சுமந்தவளின் உபரி உழைப்பு, தீர்வையாகித் திறைசேரிக்குச் சென்று, மானியமாகி நாட்டில் இறங்கியது. இறங்கிய வழியில் அவள் லயத்தைத் தொட்டது மிகச் சிறிதே.

அண்மைக்கால மாற்றம் ஒன்று இவ்விடத்து ஆராயத்தக்கது. 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் கையளிக்கப்பட்டது. இக்கம்பெனிகள் சில, ‘வெளியார் உற்பத்தி முறை’ என்ற பெயரில், குறித்த தொகைத் தேயிலைச் செடிகளைத் தொழிலாளர் குடும்பத்திடம் ஒப்படைத்து, கிள்ளிய கொழுந்துக்குக் கிலோ வீதம் பணம் தருகின்றன. நாட்சம்பளமும் அதனோடு ஒட்டிய சேமலாப நிதியும் இங்கு நழுவுகின்றன. மழையும் வறட்சியும் விலைவீழ்ச்சியும் தொழிலாளியின் பொறுப்பாகின்றன. நட்டத்தைச் சுமப்பதில் அவன் முழுமையான பயிர்செய்வோன். ஆயின் நிலத்தின் குத்தகை உரிமை கம்பெனியிடமே இருப்பதால், மீள்நடுகை மானியம் கோரும் தகுதியில் அவன் பயிர்செய்வோன் அல்லன். பழைய அந்தே முறை தேயிலை மலையில் மறுபிறவி எடுத்துள்ளது எனக் கூறின் மிகையாகாது.

2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மற்றுமோர் ஏற்பாடு இடம்பெற்றது. 1,350 ரூபாவாக இருந்த நாட்சம்பளத்தைக் கம்பெனிகள் 1,550 ரூபாவாக உயர்த்தவும், அதன்மேல் 200 ரூபாவை வருகை ஊக்கத்தொகையாக அரசு வழங்கவும் முன்மொழியப்பட்டது. தொழிலாளியின் கைக்கு அரச பணம் சம்பளத்தோடு சேர்ந்து வருவது வரவேற்கத்தக்கதே. அரிசிப்பானையில் அதன் பயனை மறுக்க நாம் யார்? எனினும் அறிவியல் நோக்கில் ஒரு வினா எஞ்சும். இது தொழிலாளிக்கு மானியமா, கம்பெனிக்கு மானியமா? 1795இல் இங்கிலாந்தின் ஸ்பீனம்லாந்தில், ரொட்டி விலைக்கேற்பக் கூலியின் குறையை ஊர்நிதியால் ஈடுசெய்யும் முறை வகுக்கப்பட்டது. கூலி குறைந்தாலும் ஊர்நிதி நிரப்பும் என்றறிந்த பண்ணையாளர், கூலியை உயர்த்த வேண்டிய தேவையை உணரவில்லை. உழைப்புச் சக்தியின் விலையின் ஒரு பகுதியைப் பொதுமக்கள் செலுத்த, அதன் பயனைப் பண்ணையாளர் பெற்றனர். மார்க்ஸ் மூலதனத்தில் ஆங்கில வேளாண் தொழிலாளரின் நிலையை விளக்குமிடத்து இவ்வுண்மையைச் சுட்டியுள்ளார். ஊக்கத்தொகை அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் உயர்வை மறுப்பதற்குரிய சாட்டாக மாறாதிருக்கத் தொழிற்சங்கங்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

6. இலக்கியத்தின் சாட்சியம்

தமிழாய்வு ஏட்டில் இவ்வினாவை ஆராய்வதேன் என ஒருவர் வினவலாம். யார் பயிர்செய்வோன் என்பதற்குச் சட்டம் ஒரு விடை தர, மக்கள் இலக்கியம் வேறொரு விடை தருகின்றது என்பதே நம் மறுமொழி. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்த மலையக நாட்டார் பாடல்களை நோக்குவோர் ஓர் உண்மையை உணர்வர். அப்பாடல்களிற் பேசுவோர் தம்மை வந்தேறிக் கூலிகளாக மட்டும் காணவில்லை. மலையை வெட்டித் திருத்தியோராகவும், கன்றை நட்டோராகவும், நட்ட நிலத்தில் உறவினரை இழந்தோராகவும் காண்கின்றனர். உரிமைப்பத்திரம் எழுதப்படாத இடத்திற் பாட்டே பத்திரமாய் நின்றது.

என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ முதலிய சிறுகதைகளில் இவ்வுணர்வு வேறு வடிவம் பெறுகின்றது. கொழுந்தின் நிறையே அங்கு மானத்தின் நிறையாகின்றது. தராசின் முன் நிற்பவளின் திறனை நிறுப்பதும் மறுப்பதும் பிறர் கையில் உள்ளன. ‘அரைப்பேர்’ போடும் துரைத்தனத்தின் கணக்குக்கும் உழைத்தவளின் கணக்குக்கும் இடையிலுள்ள முரண்பாடு, மலையகச் சிறுகதையின் நிலையான பொருள்களுள் ஒன்று. மானியக் கொள்கையை வகுப்போர் புள்ளிவிபரங்களோடு இவ்விலக்கியத்தையும் கற்பாராயின், இடாப்பில் இல்லாத பெயர்கள் எங்கே உள்ளன என்பதை அறிவர்.

7. முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிபுகள் சில. முதலாவது, மானியம் என்ற நிறுவனம் உற்பத்தி உறவுகளுக்கு வெளியே நிற்பதன்று. எவ்வுறவில் அது இறங்குகின்றதோ அவ்வுறவையே அது வலுப்படுத்தும். வாரக் குத்தகை நிலவும் வயலில் உடைமையாளனையும், கடன் நிலவும் சிறு நிலத்தில் முன்பணம் உள்ளவனையும், தோட்டத்தில் குத்தகை உரிமையுடைய கம்பெனியையும் அது சாரும்.

இரண்டாவது, மானியத்தை ஒழிக்கவேண்டும் என்ற உலகச் சந்தைவாதிகளின் கூற்றை நாம் ஏற்கவில்லை. 1990இன் நீக்கமும் 2021இன் தடையும் முதலில் வீழ்த்தியது எளியவனையே. வேண்டுவது ஒழிப்பன்று, அளவுகோலை மாற்றுதல். நிலத்தின் பெயரை விடுத்து, நிலத்தில் உழைப்போரின் பெயரைப் பதிவின் அடிப்படையாக்குதல். மீள்நடுகையின் முதல் தவணையையும் வருமானமற்ற ஐந்தாண்டுக்கான வாழ்க்கைப்படியையும் சிற்றுடைமையாளனுக்கு முன்கூட்டியே வழங்குதல். வெளியார் உற்பத்தி முறையில் செடிகளை ஏற்றுள்ள குடும்பங்களைப் பயிர்செய்வோராக ஏற்று அவர்களுக்கு நீண்டகாலக் காணி உரிமையும் மானியத் தகுதியும் அளித்தல் ஆகியன உடனடியாகச் செய்யத்தக்கன.

மூன்றாவது, இக்கோரிக்கைகள் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் உரியன அல்ல. பதியப்படாத அந்தேக் குத்தகையாளனும் பதியப்படாத தேயிலைக் குடும்பமும் மொழியால் வேறுபட்டோராயினும் ஒரே இடாப்பிலிருந்து விடுபட்டவர்கள். இருவரும் இதனை உணர்ந்து ஒன்றுபடும்வரை, ஒருவனுக்குக் கொடுப்பதாகக் காட்டி மற்றவனிடமிருந்து எடுப்பது ஆள்வோர்க்கு எளிதாகவே இருக்கும். பழைய கல்வெட்டு வல்லோர் கொடையை எழுதும்போது குடி நீங்கியதா நீங்கவில்லையா என்பதையும் எழுதினர். நம் காலத்து மானியச் சுற்றுநிருபங்களில் அவ்வொரு வரி இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதுவிப்பது உழைப்போரின் ஒன்றுபட்ட இயக்கத்தின் பணியாகும்.